ஆளுக்கு எழுநூற்று நாற்பது

கணக்கு என்னிடம்.
சீட்டுக் கம்பெனியில் எட்டு வருடம் கூட்டிப் பழகிய கை என்று
நோட்டை என் மடியில் போட்டுவிட்டார்கள்.
கோட்டையூர் பங்க்கில் பெட்ரோல் ஆயிரத்து இருநூறு.
ஆம்னிக்கு வாடகை இல்லை.
உமையாள் தன் அண்ணனிடம் சொன்ன மூன்று பொய்களை
எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

நியாயமாய் நாங்கள் போக வேண்டியது ஆஸ்திரேலியா.
எமல்டா முதலில் போவாள், நர்ஸ் வேலை.
பிறகு எங்களை அழைப்பாள்.
ஓட்டை வண்டி ஒன்றைப் பங்குபோட்டு வாங்கி
பாலைவனத்துக்கு நடுவே விடுவோம்:
சிவந்த மண்,
ஸ்கேல் வைத்துக் கிழித்த சாலை,
முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை.
அங்கே டீ கிடைக்குமா என்று
யாரும் கேட்டதில்லை.

ஆங்கிலத் தேர்வில் அரை மார்க் குறைந்தது.
மறுமுறையும் அதே அரை மார்க்.

போன வியாழக்கிழமை ஜுனைதா சொன்னாள்,
"செம்மண்ணுக்கா பஞ்சம்? கிளம்புங்கடி."

கானாடுகாத்தானில்
அடுத்தவன் வீட்டுத் தூணைப் பார்க்க ஆளுக்கு ஐம்பதா என்று
எமல்டா உள்ளே வர மறுத்தாள்.
தெருவில் நின்று சுவரின் நீளத்தை
எட்டுப் போட்டு அளந்தோம்.
நூற்று அறுபத்து மூன்று எட்டு.
இலவசம்.

ராயவரம் தாண்டி, அரிமளம் போகிற வழியில்
வண்டி கொதித்து நின்றது.
இரண்டு பக்கமும் தைலமரம்.
வரிசை பிடித்து நட்டது;
குனிந்து பார்த்தால் ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும்
பொட்டளவு வெளிச்சம்.
கீழே புல் இல்லை, மேலே குருவி இல்லை.
ஒரு மயில் மட்டும் சாலையைக் கடந்தது,
கடன் கேட்டு வந்த ஆளைப் போலத்
தயங்கித் தயங்கி.

எமல்டா ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள்.
"இது அந்த ஊரு மரம்டி.
இதுக்கு யாரு விசா குடுத்தா?"
சிரித்தோம்.
அவள் அப்புறம்தான் சிரித்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டு.
தைல நெடி ஏறிவிட்டது என்றாள்.
நம்பினோம்.

உமையாளும் நானும் காலி பாட்டில்களோடு
ஊருணி தேடிப் போனோம்.
மரங்கள் குடித்தது போக மிஞ்சிய தண்ணீர்.
தூக்கிப் பிடித்தால் டீ நிறம்.
"முந்நூறு கிலோமீட்டர் முடிஞ்சிருச்சு" என்றாள் உமையாள்.

வண்டி கிளம்பியபோது ராத்திரி எட்டு.
எங்கோ மைக்செட். சீரியல் விளக்கு.
பசி காரை ஓட்டியது.

பந்தியில் எங்களை யாரென்று ஒருவரும் கேட்கவில்லை,
ரசம் வேண்டுமா என்றுதான் கேட்டார்கள்.
இரண்டாம் முறை சோறு வாங்காததற்கு
ஜுனைதாவை ஒரு பெரியவர் திட்டினார்,
சொந்தக்காரியைத் திட்டுவது போல.

கை கழுவியதும் நழுவப் பார்த்தோம்.
எமல்டா நேராக மொய் மேசைக்கு நடந்தாள்.
"தின்ன சோத்துக்கு எழுதணும்."
அவளிடம் நூறு. ஒற்றை ரூபாய் ஜுனைதாவின் பையில் இருந்தது.

எழுதுகிறவர் நிமிரவில்லை.
பேர்?
எமல்டா.
ஊர்?

மைக்செட்டில் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"ஆஸ்திரேலியா."

கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார்.
பிறகு எழுதினார், 'ஸ்' எழுத மட்டும் கொஞ்சம் தாமதித்து,
ஆலங்குடி ராசாக்கண்ணுக்குக் கீழே.

முறைப்படி அந்த மொய் திரும்ப வர வேண்டும்.
என்றைக்காவது அந்த மாப்பிள்ளை
நோட்டைப் புரட்டி, விரல் வைத்துத் தேடி,
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
எந்தப் பஸ்ஸில் ஏறுவான்?

திருமயம் கோட்டைக்குப் பக்கத்தில்
வண்டிக்குள் மடங்கிப் படுத்தோம்.
பின்கதவு சாத்தாது, கயிறு.
உமையாளின் முழங்கை என் விலாவில்.
போன் வெளிச்சத்தில் கூட்டி, நாலால் வகுத்தேன்.
ஆளுக்கு எழுநூற்று நாற்பது.

"மொய்யைச் சேக்காத,
அது என் கணக்கு" என்றாள் எமல்டா,
அவள் தூங்கி வெகுநேரமாயிற்று என்று
நான் நினைத்திருந்தபோது.